காளான் கூடத்தில் கரைந்துபோகும் ஈரப்பத உணரி: பாலிமர் படலத்தை ஒளியால் ஒட்டவைக்க முடியுமா?

#1 ஈரவாடை

காளான் கூடங்களுக்கு ஈரப்பதக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுப்பது என் பிழைப்பு. சிப்பிக் காளானுக்கு 80 முதல் 90 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். அதாவது உணரி வாழ்நாள் முழுவதும் நனைந்தே கிடக்க வேண்டும். விடியற்காலையில் கூரைத் தாளிலிருந்து பனி சொட்டும். சில நாள் உணரியின் மேலேயே நீர் கோத்திருக்கும்.

மின்தடை வகை மலிவு உணரிகளைத்தான் இதுவரை பயன்படுத்தினேன். இரண்டு மாதத்தில் வாசிப்பு எங்கோ போய்விடுகிறது. கெட்டுப்போன ஒன்றை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை அலுமினாத் தட்டு, அதன்மேல் இரண்டு சீப்புகளைக் கோத்தது போலத் தங்கப் பற்கள். பற்களுக்கு மேலே இருக்க வேண்டிய பாலிமர் படலம், ஆறிய பாலின் ஆடை போல ஒரு பக்கமாகச் சுருங்கி ஒதுங்கியிருந்தது. ஊசி முனையால் தொட்டதும் முழுதாக வந்துவிட்டது.

நானே பூசிப் பார்க்கலாம் என்று சோடியம் பாலிஸ்டைரீன் சல்போனேட் என்ற பாலிமர் உப்பை நீரில் கரைத்து, வெற்றுத் தட்டில் ஒரு சொட்டு விட்டு உலர்த்தினேன். முதல் நாள் அழகாக வேலை செய்தது. மறுநாள் பனியில் தட்டைக் கழுவி வைத்தது போல ஆகிவிட்டது. புற ஊதா ஒளியால் இப்படிப்பட்ட படலங்களை ஒட்டவைக்கலாம் என்று படித்தேன். என்னிடம் ஒரு புற ஊதாக் கைவிளக்கு இருக்கிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நேர்வாங்கி

நண்பரே, இதற்கு ஒரே விடைதான்: செய்யாதீர்கள், வாங்குங்கள். மின்தேக்க வகை உணரி, மேலே துளைச்சவ்வு மூடி, உள்ளே பனியை விரட்டும் சிறு சூடேற்றி. எல்லாம் சேர்ந்து விரல் நகம் அளவில் வருகிறது. பின்லாந்தின் வைசாலா நிறுவனம் மென்படல மின்தேக்க உணரியை 1973-இலேயே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. பாலிமரின் மின்காப்பு மாறிலி 3 அல்லது 4, நீருக்கு 80 அளவில். படலம் கொஞ்சம் நீரை உறிஞ்சினாலே மின்தேக்கம் ஏறும். அவர்கள் பயன்படுத்தும் பாலிமர் நீரில் கரையாதது. கழுவிப்போகும் பேச்சே இல்லை.

நீங்கள் கரையும் உப்பை எடுத்துத் தட்டில் பூசிவிட்டு, அது ஏன் கரைகிறது என்று கேட்கிறீர்கள்.

#3 ஈரவாடை

வாங்கியும் பார்த்துவிட்டேன். 80 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் இருந்தால் வாசிப்பு சில புள்ளிகள் ஏறி நிற்கும் என்று சிலவற்றின் தரவுத்தாளிலேயே எழுதியிருக்கிறார்கள். உலர்ந்த இடத்தில் வைத்தால் பழைய நிலைக்குத் திரும்புமாம். என் கூடத்தில் உலர்ந்த இடத்துக்கு எங்கே போவது? அது போக, ஒரு கூடத்துக்கு ஆறு உணரி வேண்டும். விலை கட்டாது.

கரையும் உப்பு என்பது உண்மைதான். ஆனால் நீரை விரும்புகிற பாலிமர்தானே நீரை நன்றாக உணரும்? உணர வேண்டும், கரையவும் கூடாது. அதுதான் என் கேள்வி.

#4 திருப்பூர் சல்லடை

வேதியியல் படித்தவன் இல்லை. இருபது ஆண்டாகப் பனியனில் அச்சடிக்கிறேன். நீங்கள் கேட்பதை நாங்கள் தினமும் செய்கிறோம். ஸ்கிரீன் துணியில் ஒளிக்கலவையைத் தேய்த்து, இருட்டறையில் காயவைத்து, படத்தாளை வைத்து வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் தண்ணீரில் கழுவினால் போய்விடும். பழைய கலவை என்பது பாலிவினைல் ஆல்கஹாலும் டைக்ரோமேட்டும்தான். பாலிவினைல் ஆல்கஹாலும் தண்ணீரில் கரைவதுதானே? வெளிச்சம் பட்டபின் கரையாது. டைக்ரோமேட்டைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எங்கள் பட்டறையில் ஒரு பெரியவருக்கு விரலிடுக்கில் வந்த புண் ஆறவே இல்லை. இப்போது டயஸோ என்ற வேறு ஒளிக்கலவைக்கு மாறிவிட்டோம்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். அதே கலவையை வழவழப்பான கண்ணாடித் தட்டில் தடவி வெளிச்சம் காட்டினால் இறுகும். தண்ணீரில் போட்டால் முழுத் தோலாக உரிந்து மிதக்கும். துணியில் ஏன் நிற்கிறது? நூலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடியில் கட்டிக்கொள்ள நூல் ஏது?

#5 ஒளிவேதி

சல்லடை அண்ணன் சொன்ன கடைசி நான்கு வரிகளில்தான் இந்த இழையின் முழுச் சரக்கும் இருக்கிறது. நான் பாலிமர் மேற்பரப்பு ஆய்வில் இருப்பவள். மாணவர்கள் ஆண்டுதோறும் குழம்புகிற இடம் இது.

இறுக்குவது வேறு, பிடிப்பது வேறு. பாலிமர்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கோத்தால் படலம் கரையாது. ஆனால் தட்டை அது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஈரவாடை உருப்பெருக்கியில் பார்த்த ‘பாலாடை’ அதுதான்: அந்தப் படலம் கரையவில்லை, பிடி விட்டுவிட்டது. அவர் பூசியது பிடியும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் கரைந்துபோனது. இரண்டும் வெவ்வேறு நோய்.

ஏன் பிடி விடுகிறது? நீரை உறிஞ்சிய படலம் எல்லாத் திசையிலும் பெருக்கப் பார்க்கும். அடியில் இருக்கும் தட்டு பெருக்காது. பக்கவாட்டில் விரியத் துடிக்கிற படலத்தை அடிப்பரப்பு இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுபறி முழுவதும் ஒட்டிய முகத்தில் வந்து விழுகிறது. அதுவும் ஓரங்களில் அதிகம். வெறும் ஒட்டுதலாக இருந்தால் ஓரம் முதலில் எழும்பும், நீர் அதற்குள் நுழையும், மீதியைப் பனி பார்த்துக்கொள்ளும். வேதிப்பிணைப்பால் கட்டியிருந்தால் படலத்துக்கு ஒரே வழிதான்: மேலே எழும்புவது. பாத்திரத்தில் புளிக்கிற மாவு போல.

இனி ஒளி. பென்சோபீனோன் என்ற மூலக்கூறை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் ஒரு கார்போனைல் (இரட்டைப் பிணைப்பில் கார்பனும் ஆக்சிஜனும்), இருபுறமும் பென்சீன் வளையம். 365 நானோமீட்டர் அளவிலான ஒளி பட்டால் அதன் ஆக்சிஜனுக்கு வெறி பிடிக்கும். பக்கத்தில் எந்தக் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு இருந்தாலும் அந்த ஹைட்ரஜனைப் பிடுங்கும். பிடுங்கியவர், பறிகொடுத்தவர் இருவரும் தனி எலக்ட்ரானுடன் நிற்பார்கள். இருவரும் கைகோத்தால் கார்பன்–கார்பன் பிணைப்பு. பாலிமர் என்றாலே கார்பன்–ஹைட்ரஜன் கூட்டம்தான். அதனால் ஏறக்குறைய எந்தப் பாலிமரையும் பிடிக்கும். எனக்கு மிகவும் பிடித்த குணம் ஒன்று உண்டு: கிளர்ந்த மூலக்கூறுக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் யாரும் கிடைக்காவிட்டால் அது வீணாகாமல் பழைய நிலைக்கே திரும்பும். அடுத்த ஒளித்துகள் வரும்போது மறுபடி முயலும். அசைடு போன்ற ஒளிப்பிணைப்பிகளுக்கு இந்தப் பொறுமை இல்லை. ஒரு முறை வெடித்தால் போயிற்று.

இதைத் தட்டோடு சேர்க்கும் வழியை 1999-இல் புரூக்கர், நௌமான், ரூஹே, நோல், பிராங்க் ஆகியோர் அமெரிக்க வேதியியல் கழக இதழில் வெளியிட்டார்கள். பென்சோபீனோனின் ஒரு பக்கம் சிலேன், அதாவது சிலிக்கான் உள்ள இணைப்புக் கால் ஒன்றைப் பொருத்தினார்கள். அந்தக் கால் கண்ணாடி, சிலிக்கா போன்ற ஆக்சைடு பரப்பில் உள்ள ஹைட்ராக்சில் குழுக்களோடு பிணைந்து நிற்கும். பென்சோபீனோன் தலை மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் பாலிமரைப் பூசி, ஒளி காட்டி, நல்ல கரைப்பானில் கழுவினால் பிடிபட்ட சங்கிலிகள் மட்டும் தங்கும்.

இதில் தங்குவது சில நானோமீட்டர் தடிமனுள்ள ஓர் அடுக்கு மட்டுமே. தலைக்கு எட்டிய சங்கிலிகள்தானே மாட்டும்? உங்களுக்கு மைக்ரான் அளவில் படலம் வேண்டும் என்றால் பென்சோபீனோன் என்ற கொக்கியைப் பாலிமர்ச் சங்கிலியிலேயே தொங்கவிட வேண்டும். டைமெத்தில் அக்ரிலமைடோடு நூற்றுக்குச் சில பங்கு பென்சோபீனோன் மெத்தாக்ரிலேட்டும், அயனிக்காகக் கொஞ்சம் ஸ்டைரீன் சல்போனேட்டும் சேர்த்த கூட்டுப்பாலிமர் ஜெர்மனியின் பிரைபர்க் பல்கலைக்கழகத்தில் ரூஹே குழுவினர் நெடுநாளாகக் கையாளும் சரக்கு. ஒரே ஒளியில் சங்கிலிகள் தமக்குள்ளும் கோத்துக்கொள்ளும், அடியிலும் கோத்துக்கொள்ளும்.

ஆனால் அடியில் கோத்துக்கொள்ளக் கார்பன்–ஹைட்ரஜன் இருக்க வேண்டும். வெற்று அலுமினாவில் அது கிடையாது. சல்லடை அண்ணனின் கண்ணாடித் தட்டுக் கதையே மறுபடி நடக்கும். ஆகவே கொக்கி சங்கிலியில் இருந்தால் தட்டில் கார்பன்–ஹைட்ரஜன் உள்ள ஏதாவது ஒரு சிலேன் போதும்; விலையுயர்ந்த பென்சோபீனோன் சிலேன் வேண்டாம். கண்ணாடியிழைத் தொழிலில் பயன்படும் மெத்தாக்ரிலாக்சி சிலேன் கிடைத்தால் அதுவே நடக்கும்.

#6 ஈரவாடை

அம்மா, இதை மூன்று முறை படித்தேன். மூன்று ஐயங்கள். தங்கப் பற்களின் மேல் சிலேன் ஒட்டுமா? கிருமிநாசினி விளக்கு 254 நானோமீட்டர் என்கிறார்கள், அது இன்னும் வேகமாகச் செய்யாதா? என் கைவிளக்கு போதுமா?

#7 ஒளிவேதி

தங்கத்தில் ஒட்டாது. தங்கத்துக்கு ஆக்சைடு இல்லை, சிலேனுக்குக் கால்வைக்க இடமில்லை. கந்தகம் உள்ள நீள்சங்கிலித் தயோல் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தால் தங்கத்தின் மேலும் கார்பன்–ஹைட்ரஜன் கம்பளம் விரியும். பற்களுக்கு இடையே உள்ள அலுமினா நன்றாகப் பிடித்திருந்தால் தயோல் இல்லாமலும் பிழைக்கலாம் என்பது என் ஊகம், முயன்று பாருங்கள்.

254-இல் பென்சோபீனோன் மிக வலுவாக ஒளியை உறிஞ்சும், வேகம் உண்டு. ஆனால் ஸ்டைரீன் வளையங்களும் அங்கே உறிஞ்சும். தடித்த படலத்தில் மேல்தோல் இறுகி, அடியில் எங்கே பிடிக்க வேண்டுமோ அங்கே ஒளி போய்ச் சேராது. காற்றில் 254 காட்டினால் தங்கத்தின் மேலுள்ள தயோலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து கழன்றுவிடும். 365-இல் உறிஞ்சுதல் குறைவு, நேரம் பிடிக்கும். ஆனால் ஒளி அடிவரை இறங்கும். உங்களுக்கு அதுதான் வேண்டும்.

கைவிளக்கை நம்பாதீர்கள். மலிவாக விற்கும் ஊதா விளக்குகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர். பென்சோபீனோனுக்கு அந்த ஒளி ஏறக்குறையக் கண்ணுக்கே தெரியாது. எரியும்போது சுவர் பளிச்சென்று ஊதாவாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

#8 ஈரவாடை

சுவர் கத்தரிப்பூ நிறத்தில் தெரிகிறது. விளங்கிவிட்டது.

#9 இழைக்கண்ணாடி

ஒளிதான் ஒரே வழி என்பது போலப் பேச்சு போகிறது, சற்று எதிர்க்கிறேன். நான் ஒளியிழை உணரிகளில் வேலை செய்கிறேன். கண்ணாடி இழைக்குள் பிராக் கீற்றணி (குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தை மட்டும் எதிரொளிக்கும் நுண்வரிகள்) எழுதி, வெளியே பாலிமைடு என்ற பாலிமரைப் பூசுவோம். ஈரம் ஏறினால் பாலிமைடு பெருத்து இழையை நீட்டும். எதிரொளிக்கும் அலைநீளம் நகரும். ஒரு விழுக்காடு ஈரப்பதத்துக்குச் சில பிக்கோமீட்டர்தான். ஒரு டிகிரி வெப்பம் மாறினாலே 10 பிக்கோமீட்டர் அளவில் நகர்ந்துவிடும். ஆகவே வெப்பத்துக்கு இன்னொரு கீற்றணி வைத்துக் கழித்தாக வேண்டும்.

உங்கள் உணரியில் பிடி நழுவினால் படலம் போகும், அவ்வளவுதான். எங்களுடையதில் பிடி என்பதே அளவீடு. பாலிமைடு இழையின் மேல் ஒரு துளி வழுக்கினாலும் ஏறும்போது ஒரு வாசிப்பு, இறங்கும்போது வேறொரு வாசிப்பு. அதற்கு நாங்கள் ஒளியைத் தொடுவதே இல்லை: அமினோ சிலேன் பூசி, பாலிமைடை வெப்பத்தில் வேகவைக்கிறோம். கல்லாகப் பிடிக்கிறது. வெந்து பிடிப்பது எளிதாக இருக்கும்போது ஒளிக்கு ஏன் இத்தனை மெனக்கெடல்?

#10 ஒளிவேதி

பாலிமைடு 300 டிகிரியைத் தாங்கும், உங்கள் கண்ணாடி இழையும் தாங்கும். ஈற்றில் கம்பி பற்றவைத்த தட்டும் ஈரத்தை விரும்பும் அயனிப் பாலிமரும் தாங்கா. ஒளி அறை வெப்பத்திலேயே வேலையை முடிக்கும். இன்னொன்று: ஒளிமறைப்புத் தாள் வைத்து ஒளி காட்டினால் சீப்புப் பற்களின் மேல் மட்டும் படலம் நிற்கும், பற்றவைக்கும் முனைகள் சுத்தமாக இருக்கும். அடுப்பில் அப்படி இடம் பார்த்து வேகவைக்க முடியாது. ஆனால் அமினோ சிலேனும் பாலிமைடும் என்ற உங்கள் கூட்டணி என்னுடையதைவிட முதிர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

#11 நேர்வாங்கி

சிலேன் காலையே நீர் அரிக்காதா? சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு நீரில் மெல்ல உடையும் என்று நானும் படித்திருக்கிறேன். கூடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவுவார்களே?

#12 ஒளிவேதி

நல்ல கேள்வி. உடையும். காரத்தில் வேகமாக உடையும். அலுமினாவின் மேல் அந்தக் கால் கண்ணாடியின் மேல் இருப்பதைப்போல உறுதியானதும் இல்லை. நம்மைக் காப்பது எண்ணிக்கை: ஒரு சங்கிலிக்குப் பல இடத்தில் பிடி. ஒன்று விட்டாலும் அக்கம்பக்கத்துப் பிடிகள் சங்கிலியை விலகவிடாமல் வைத்திருக்கும். விட்ட பிணைப்பு மறுபடி சேரவும் வாய்ப்புண்டு. பிளீச்சிங் பவுடர் கரைசல் காரம். கூடம் கழுவும் நாளில் உணரியைக் கழற்றி வைப்பதுதான் அறிவு.

#13 ஈரவாடை

ஏழு வாரம் கழித்து வருகிறேன். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் அந்தக் கூட்டுப்பாலிமரைச் செய்து கொடுத்தார். சல்போனேட்டின் பங்கை மட்டும் கூட்டச் சொன்னேன். 365 விளக்கும் அங்கேயே கிடைத்தது.

எத்தனால் 95 பங்கு, நீர் 5 பங்கு. அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு கரைசலின் pH அளவை 5-க்குக் கொண்டுவந்து, நூற்றுக்கு இரண்டு பங்கு சிலேன் கலந்து, ஐந்து நிமிடம் பொறுத்துத் தட்டுகளை முக்கினோம். எத்தனாலில் அலசி 110 டிகிரியில் பத்து நிமிடம். முதல் தொகுப்பைக் கலந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனது என் தவறு. திரும்பி வந்தபோது கரைசல் லேசாகக் கலங்கியிருந்தது. அதில் முக்கிய தட்டுகளில் வெண்மையாகத் திட்டுத் திட்டாகப் படிந்துவிட்டது. சிலேன் தட்டோடு சேராமல் தனக்குள்ளேயே கட்டிக்கொண்டதாம். மூன்று தட்டு குப்பைக்குப் போனது. முன்னும் பின்னும் ஒரு சொட்டு நீர் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்: சுத்தமான தட்டில் பரவி ஓடிவிடும், சிலேன் ஏறிய தட்டில் குமிழாக நிற்கும்.

மூன்று வகைத் தட்டு வைத்துக்கொண்டேன். ஒன்று சிலேனும் இல்லை, ஒளியும் இல்லை. இரண்டாவது, ஒளி மட்டும். மூன்றாவது, சிலேனும் ஒளியும். மூன்றையும் நீரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் முதலாவதில் எதுவும் இல்லை. இரண்டாவதில், சல்லடை அண்ணா, நீங்கள் சொன்னது சொன்னபடி: சீப்பின் வடிவத்தில் ஒரு மெல்லிய தோல் கண்ணாடிக் குவளையில் தனியாக மிதந்துகொண்டிருந்தது. அடியில் தங்கப் பற்களின் தடம்கூடப் பதிந்திருந்தது. மூன்றாவது அசையவில்லை. பசைநாடாவை ஒட்டி இழுத்தேன். நடுவில் நின்றது; ஓரத்தில் அகலமான தங்கப் பட்டையின் மேல் மட்டும் கொஞ்சம் எழும்பியது. தயோலை நான் விட்டுவிட்டேன், அம்மா சொன்னது அங்கே பலித்தது.

அளவைக்கு உப்பு ஜாடிகள்: 25 டிகிரியில் தெவிட்டிய மெக்னீசியம் குளோரைடுக் கரைசலின் மேல் 32.8 விழுக்காடு, சமையல் உப்பின் மேல் 75.3, பொட்டாசியம் சல்பேட்டின் மேல் 97.3. ஒரு கிலோஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தில்தான் அளந்தேன்; நேர்மின்னோட்டம் கொடுத்தால் அயனிகள் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். 75.3-இல் சுமார் 20 கிலோ ஓம் வந்தது. நனைத்து உலர்த்திய பிறகும் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பியது.

ஆசைப்பட்டு ஒரு தட்டுக்கு மூன்று மடங்கு நேரம் ஒளி காட்டினேன். அது இரும்பாக நிற்கிறது, ஆனால் மந்தம். ஜாடி மாற்றினால் மற்றவை ஓரிரு நிமிடத்தில் நிலைக்கு வரும்போது இது பத்து நிமிடம் தாண்டியும் நகர்ந்துகொண்டிருந்தது. மின்தடையும் கூடுதல்.

#14 ஒளிவேதி

வலைக்கண் அதிகம் இறுகிவிட்டது. நீர் நுழையவும் இடமில்லை, அயனி நகரவும் இடமில்லை. பிடிக்கத் தேவையான ஒளி, உணரத் தாங்கும் ஒளி, இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் நேரம். அதை எந்தக் கட்டுரையும் சொல்லாது. உங்கள் விளக்கு, உங்கள் தூரம், உங்கள் தடிமன். படிப்படியாக நேரத்தைக் கூட்டி ஐந்தாறு தட்டு செய்து பாருங்கள். அகலப் பட்டையைத் தயோலில் ஊறவையுங்கள்.

#15 திருப்பூர் சல்லடை

தோல் மிதந்தது என்று படித்ததும் சிரித்துவிட்டேன். எங்களிடமும் வெளிச்சம் அளக்க அதே முறைதான்: படத்தாளை அட்டையால் மூடி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒரே ஸ்கிரீனில் ஆறு நேரம் காட்டுவோம். எந்தப் பட்டை கழுவலில் நிற்கிறதோ அதற்கு அடுத்ததை எடுத்துக்கொள்வோம்.

#16 ஈரவாடை

அட்டை நகர்த்தும் முறையில் நேரத்தைக் கண்டுகொண்டேன், அண்ணா. தயோலும் போட்டாயிற்று. மூன்று உணரிகளைக் கூடத்தில் தொங்கவிட்டு இன்றோடு பத்தொன்பது நாள். படலம் ஒன்றும் ஆகவில்லை. பனியில் நனைகிறது, காய்கிறது, வாசிப்பு திரும்பி வருகிறது.

ஆனால் புதிதாக ஒரு வினை. அறுவடை தாமதமான வாரத்தில் காளான் வித்துத்தூள் மாவு போலப் பறந்து எல்லாவற்றின் மேலும் படிந்தது. ஒரு உணரியின் மேல் வெண்பொடி அப்பிக்கொண்டு, ஈரம் குறைந்தாலும் குறைந்ததாகக் காட்ட மறுக்கிறது. தூரிகையால் துடைக்கத் தைரியமாக இருக்கிறது, படலம் வராது. ஆனால் எத்தனை நாள் துடைப்பது?

#17 திருப்பூர் சல்லடை

துண்டு ஸ்கிரீன் துணி நிறைய கிடக்கிறது. சென்டிமீட்டருக்கு 120 நூல் உள்ளதை அனுப்பட்டுமா? மேலே இழுத்து ஒட்டிவிடலாம்.

#18 ஒளிவேதி

அண்ணா, அந்தத் துணியின் கண் 40, 50 மைக்ரான் இருக்கும். சிப்பிக் காளான் வித்து நீளவாக்கில் 10 மைக்ரான் அளவுதான். கதவைத் திறந்து வைத்தது போலப் போகும். ஒரு மைக்ரானுக்கும் குறைவான துளையுள்ள டெப்லான் சவ்வு வேண்டும். நீராவி போகும், தூளும் நீர்த்துளியும் போகா.

#19 நேர்வாங்கி

அதாவது, நான் இரண்டாவது பதிவில் சொன்ன துளைச்சவ்வு மூடி.

#20 ஈரவாடை

மூடியை மட்டும் தனியாக எங்கே விற்கிறார்கள் என்று சொல்லுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.